அவள் கூவியது, என் பெயரில்

“...கீழ நீயும் ஒரு கையெழுத்துப் போடுடி சுமதி. மொதல்லேர்ந்து பாத்துகினு இருந்தவ நீ ஒருத்திதான?” என்றாள் கன்னியம்மா.

அவள் தொண்டையிலிருந்து வந்த இரண்டு சொற்களைத் திருடி, என் பெயரில் டிரேட்மார்க் பதிவு செய்துகொண்டவள் நான்.

சொல்லிவிட்டேன்! உடன்பிறந்த தம்பியிடம்கூட இதுவரை சொன்னதில்லை. உங்களிடம் சொல்ல முடிகிறது. உங்களுக்கு என்னைத் தெரியாது; கன்னியம்மாவையும் தெரியாது. அவளையாவது தெரிந்துகொள்ளுங்கள்.

சேலையூரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. மற்றதெல்லாம் கடைக்கு வந்த தாள்களிடம் கற்றதுதான். பத்திரம், மனு, விண்ணப்பம் என்று எதைப் பிரதி எடுத்தாலும் படித்துவிடுவேன். இங்கிலீஷும் எனக்கு அப்படி வந்ததே. கணவர் இல்லை, பிள்ளை இல்லை. ஆனால் பேச்சுக்குக் குறைவில்லை. மனிதர்கள் பேசுவதைக் கேட்க அப்படி ஓர் ஆசை! நல்லதாக ஒரு வார்த்தை காதில் விழுந்தால், வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்வேன்.

அந்தத் தாள்களில் பாதி கன்னியம்மா.

கோவளத்தில் படகு கரையேறியதும் மீனை எடுத்துக்கொண்டு, கேளம்பாக்கத்தில் பஸ் மாறி, காலை எட்டு மணிக்கெல்லாம் என் கடை வாசலில் வந்து குடை விரிப்பாள். பன்னிரண்டு வருடம்... அதே வாசல். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

ஒருநாள் பஸ்ஸில் கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டாராம். “நாத்தம்னா கடல் மேல கேஸு போடுய்யா, எம்மேல இன்னாத்துக்கு மொறைக்கிற?” என்று கேட்டுவிட்டு வந்தாள். என் மெஷினைப் பார்த்து, “ஒரு மூஞ்சிய நூறு மூஞ்சியா அடிக்குதே, என் வஞ்சிரத்த உள்ள வுட்டு ரெண்டாக்கிக் குடேன்!” என்பாள்.

மற்ற மீன்காரர்கள் ‘ஃப்ரெஷ்ஷு, ஃப்ரெஷ்ஷு’ என்று கூவிக்கொண்டிருக்க, இவளுக்கு மட்டும் வேறு கூவல்.

“இன்னிக்கு கடலு...!”

அவ்வளவுதான். கடைசி எழுத்தை இழுத்துத் தெருமுனை வரை அனுப்புவாள். மாடி வீடுகளில் கதவு திறக்கும். “அது என்னம்மா இன்னிக்குக் கடல்?” என்று ஓர் அம்மாள் கேட்டதற்கு, “நேத்து கடலு நேத்தே போய்ட்சு யம்மா. இது இன்னிக்கு உள்ளது” என்றாள். அன்றே எழுதி வைத்துக்கொண்டேன்.

எழுதி வைத்ததோடு நின்றேனா? ஓர் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் ‘இன்னிக்குக் கடல்’ என்று பெரிதாக எழுதி, அவள் குடைக் கம்பியில் மாட்டினேன். “நான் கத்துறத எழுதித் தொங்க வுட்டியா? இனிமே என் தொண்டைக்கு லீவு!” என்று சிரித்தாள்.

பின்னாளில் என் மனசாட்சி என்னைக் கேட்டபோதெல்லாம் அந்த அட்டையைத்தான் நீட்டினேன். எழுதியது நான்தானே? எழுத்து என்னுடையதுதானே? ‘குரல் யாருடையது?’ என்று அது திருப்பிக் கேட்டது. காது கேளாதவள்போல் இருந்துவிட்டேன்.

சாலையை அகலப்படுத்தினார்கள். கடை வாசல் போயிற்று. கன்னியம்மா கேளம்பாக்கத்திலேயே ஒரு தள்ளுவண்டி போட்டுக்கொண்டாள். “வந்துகினு போயிகினுதான இருக்கப்போறேன், மூஞ்சியத் தூக்கி வச்சிக்காத” என்றாள். மாதம் ஒருமுறை வந்தாள். பிறகு அதுவும் இல்லை.

காலை எட்டு மணியானால் என் காது எழுந்து தெருவுக்குப் போய்விடும்... இன்றும் போகிறது!

அப்போதுதான் என் தம்பி பிரபு, பதினைந்து வருடத் துபாய் வாழ்க்கையை முடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். மேடவாக்கம் பக்கம் ஓர் இடம் பிடித்து, அடுக்குமாடி வீடுகளுக்கு மீன் கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலை என் பெயரிலேயே தொடங்கினான். “தொழிலுக்கு ஒரு பேர் வேணும்க்கா. ஒருதடவை கேட்டா மறக்கக் கூடாது” என்றான்.

நான் என் தாள்களை எடுத்து வந்தேன். எத்தனையோ இருந்தன அதில். என் விரல் அந்த ஒன்றில்தான் போய் நின்றது.

“செமயா இருக்குக்கா! யார் சொன்னது?”

“சும்மா... எனக்கே தோணிச்சு” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவள் குரல் இல்லாத தெருவில் அந்தச் சொற்களையாவது என்னோடு வைத்துக்கொள்ள ஏங்கினேனா? அப்படிச் சொன்னால் நீங்கள் என்னை நல்லவள் என்று எண்ணிவிடுவீர்கள். எண்ணாதீர்கள்! தம்பியின் பாராட்டு இனித்தது. அதுதான் உண்மை.

தொழில் வளர்ந்தது. பெயரை யாராவது எடுத்துக்கொள்வதற்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்று மேற்குத் தாம்பரத்தில் ஓர் ஆலோசகரிடம் பிரபு என்னை அழைத்துப் போனான். அவர் விண்ணப்பித்தார். சில மாதங்களில் மறுப்பு வந்தது.

“மேடம், இன்னிக்குக் கடல்னா புது மீன்னுதானே அர்த்தம்? சரக்கோட குணத்தைச் சொல்ற வார்த்தைய ஒருத்தருக்கு மட்டும் குடுக்க மாட்டாங்க. ரொம்ப வருஷமா நீங்கதான் யூஸ் பண்றீங்க, ஜனங்க அதைக் கேட்டாலே உங்களைத்தான் நினைக்கிறாங்கன்னு காட்டினா சான்ஸ் இருக்கு. எத்தனை வருஷமா யூஸ் பண்றீங்க?”

எங்கள் தொழிலுக்கு அப்போது ஒன்றரை வயது. என் வாய் தானாகத் திறந்தது.

“பதினஞ்சு வருஷமா” என்றேன்.

பிரபு திரும்பிப் பார்த்தான். “நீ மீனும் வித்தியாக்கா?”

“கடை வாசல்ல வித்தோம். நீ துபாய்ல இருந்த” என்றேன்.

‘வித்தோம்’... அந்தப் பன்மையில் அவளை ஒளித்து வைத்தேன், பார்த்தீர்களா!

அத்தாட்சி வேண்டுமே. ஓர் ஆயுத பூஜையன்று எடுத்த படம் இருந்தது. குடை, அட்டை, அட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கும் கன்னியம்மா. என் கடைக் கம்ப்யூட்டரில், என் கையாலேயே, அவளை வெட்டினேன். முகம் போயிற்று, தோள் போயிற்று. பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை மட்டும் போகவில்லை. அதை வெட்டினால் எழுத்தும் போய்விடும்.

“இது யாரோட கை மேடம்?” என்றார் ஆலோசகர்.

“என்னோடதுதான்.”

பதினைந்து வருடமாக இந்தப் பெயரை நான்தான் பயன்படுத்தி வருகிறேன் என்று முத்திரைத்தாளில் பிரமாணம் எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டேன். அவளுடைய வெயிலையும் மழையையும், அவள் நின்று வந்த பஸ் பயணங்களையும், எல்லாவற்றையும் ஒரே கையெழுத்தில் என்னுடையதாக்கிக்கொண்டேன்!

பெயரை ஏற்றுக்கொண்டார்கள். டிரேட்மார்க் இதழில் வெளியிட்டார்கள். “நாலு மாசம் மேடம். அதுக்குள்ள யாராவது ‘இது எங்களோடது’ன்னு ஆட்சேபம் சொல்லலாம். யாரும் சொல்லலேன்னா உங்களுக்குத்தான்” என்றார் ஆலோசகர்.

அந்த நான்கு மாதமும் நான் பயந்துகொண்டிருந்திருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? பயந்தேன். அதைவிட அதிகமாக ஏங்கினேன்!

தினமும் கம்ப்யூட்டரைத் திறந்து, ஆட்சேபம் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அவள் வருவாள்... “அடியே சுமதி!” என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்துவாள்... கடை முன்னால் நின்று என் மானத்தை வாங்குவாள்... வாங்கட்டுமே! வாடி, வந்து என்னைத் திட்டிவிட்டுப் போ! எத்தனை நாளாயிற்று உன் சத்தம் கேட்டு!

யாரும் வரவில்லை. எப்படி வருவாள்? இணையத்தில், இங்கிலீஷில் வரும் ஓர் இதழைக் கோவளத்துக் கரையில் நின்று மீன் ஏலம் எடுக்கிறவள் எங்கே பார்ப்பாள்? ரேஷன் அட்டையிலிருந்து வங்கிக் கடிதம் வரை, அவளுக்கு வந்த தாள்களையெல்லாம் படித்துச் சொன்னவள் நான். அந்த ஒன்றை மட்டும் நான் படித்துச் சொல்லவில்லை.

சான்றிதழ் வந்தது. மீன் பெட்டிகளில் பெயருக்குப் பக்கத்தில், பதிவுக்கு அடையாளமாக, வட்டத்துக்குள் ‘R’ எழுத்து ஏறியது. சில மாதம் கழித்து பிரபு போனை நீட்டினான். “கேளம்பாக்கத்துல பாருக்கா! நம்ம பேரை எவனோ திருடியிருக்கான்!”

தள்ளுவண்டி. அதன் மேல் தகரப் பலகை. என் அட்டையைப் பார்த்து, என் எழுத்தைப் போலவே வளைத்து வளைத்து எழுதியிருந்த ‘இன்னிக்குக் கடல்’. யாருடைய வண்டி என்று பார்த்த கணமே தெரிந்துவிட்டது.

உடனே பெயரை எடுக்க வேண்டும் என்று எங்கள் லெட்டர்பேடில் பிரபு நோட்டீஸ் அடித்தான். உரிமையாளர் நான். சொல்லியிருக்கலாம்... அந்த ஓர் இடத்திலாவது சொல்லியிருக்கலாம். மறுத்தால் காரணம் கேட்பான் என்று பயந்து கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து, காலையில், தெருவிலிருந்து அந்தச் சத்தம்.

“இன்னிக்கு கடலு...!”

மெஷின் மூடியைத் திறந்தவள் திறந்தபடியே நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் வந்தது மகிழ்ச்சி மட்டும்தான். அப்படி ஒரு மகிழ்ச்சி!

“இன்னாடி, இப்டி எளச்சிட்ட? மீனு துன்றதில்லியா?” என்றபடி, அலுமினிய அன்னக்கூடையை வாசலில் இறக்கினாள். “வர்றதே வர்றோம், நாலு வூட்ல வித்துட்டுப் போலாம்னு எட்தாந்தேன்.” இடுப்பிலிருந்து ஒரு தாளை உருவினாள். “எவனோ கம்பெனிக்காரன் இங்கிலீசுல எழுதிக்கிறான். வூட்ல காமிச்சா பேஜாராயிடும். நீ படிச்சாதான் எனக்கு வெளங்கும்.”

என் நோட்டீஸ். என்னிடமே படிக்கக் கொடுத்தாள்!

படித்தேன். “வண்டியில இருக்கிற பேரை எடுக்கணுமாம். அது அவங்க பேராம். அதைச் சொல்லி விக்கக் கூடாதாம்.” எந்தக் கம்பெனி என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

கன்னியம்மா சிரித்தாள். “என் வாயில வர்றது அவன் பேரா? அப்ப எனக்கு வர்ற தும்மலு யாருது? அத்தையும் எழுதிக்கினானா?” பிறகு சிரிப்பு நின்றது. “மெய்யாலுமே சொல்லக் கூடாதாடி?”

“அப்படித்தான் போட்டிருக்கு.”

“அப்ப ஒரு பதில் அடி. நான் சொல்றேன்.”

அவள் சொன்னாள். நான் அடித்தேன்.

“ஐயா, நான் கோவளம் கன்னியம்மா. அந்த வார்த்தைய எனக்கு யாரும் சொல்லித் தரல. எனக்கே வந்துச்சு. அத்தச் சொல்லித்தான் என் பொண்ணக் கட்டிக் குட்த்தேன். நீங்க எட்த்துக்கினா, நான் இன்னா சொல்லி மீன் விக்கிறது? உங்களுக்கு வேணும்னா என்னக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா குட்த்திருப்பேன்.”

கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள்! விரல்கள் நின்றுவிட்டன. “அடிச்சியா?” என்றாள். அடித்தேன்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பதிவைத் திருப்பிக் கொடுக்க ஒரு படிவம் போதும் என்று விசாரித்து அறிந்துகொண்டேன். நிரப்பியும் வைத்திருக்கிறேன், கையெழுத்து மட்டும் பாக்கி. பேனாவை எடுப்பேன். இந்தத் தொழிலை நம்பிக் கல்யாணம் செய்துகொண்ட பிரபுவின் முகம் வரும். மூடி வைப்பேன். தபால்காரர் வரும் நேரத்தில் வாசலுக்குப் போய் நிற்கிறேன். அவளுடைய பதில் என் முகவரிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

வராது என்று உங்களுக்கும் தோன்றுகிறதா? அன்று நடந்த மிச்சத்தையும் கேளுங்கள்.

தாளை அச்சடித்துக் கொடுத்தேன். பெருவிரலை ஸ்டாம்ப் பேடில் அழுத்தி ரேகை வைத்தாள். பிறகுதான் அதைச் சொன்னாள், என்னையும் கையெழுத்துப் போடச் சொல்லி. அவளுடைய எல்லாத் தாளிலும் சாட்சி நான்தானே!

போட்டேன். என் பெயரின் கடைசி எழுத்தை இழுத்து, அடியில் ஒரு சுழி சுழிப்பது என் வழக்கம்.

இரண்டு தாளையும் சேர்த்து மடிக்கப் போனவள் நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பன்னிரண்டு வருடம் என் சுழியைப் பார்த்தவள். பதிலின் அடியில் பார்த்தாள். நோட்டீஸின் அடியில் பார்த்தாள். ஈர விரலால் முதலில் இதைத் தொட்டாள், பிறகு அதைத் தொட்டாள். என் முகத்தைப் பார்த்தாள்.



தாள்களை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனாள். அன்னக்கூடையைத் தலைக்கு ஏற்ற இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். நான் ஓடிவந்து குனிந்தேன். அவளோ, தெருவில் பால் பாக்கெட்டோடு போன யாரோ ஒரு பெண்ணைக் கூப்பிட்டாள். “யம்மா, கொஞ்சம் கை குடு.”

தலையில் சுமையோடு நடந்து முதல் வீட்டின் முன் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. கேட்டுக்குள் கையை விட்டு, அழைப்பு மணியை அழுத்தினாள்.