சர்பத் ஊற்றிய வளர்ப்பூடகம்

பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு பேராசிரியரின் படத்தின் கீழும் ‘ஆய்வு ஆர்வம்’ என்றொரு வரி உண்டு. நுண்ணுயிரியல் துறையில் என்னோடு பணியாற்றியவர்களுள் ஒருவருக்கு அவ்வரி, கடலோரக் களப்பின் உப்புநீரில் வாழும் நுண்ணுயிர்கள். இன்னொருவருக்கு எருமைத் தயிர். எனக்கு, வேர்முடிச்சுப் பற்றீரியா. காற்றின் நைதரசனைச் செடிக்கு உணவாக்கும் அச்சிற்றுயிர்களை, நாவிதன்வெளி, சொறிக்கல்முனைப் பக்கத்துக் கௌபிப் பயற்றுச் செடிகளின் வேர்களிலிருந்து சேகரித்தேன். ஓய்வு பெற்றதும் என் படத்தோடு அவ்வரியும் நீங்கியது.

சில மாதங்களின் பின் புதிய துறைத்தலைவர் தொலைபேசியில் அழைத்தார். மருந்துக்கு அடங்காத மருத்துவமனைக் கிருமிகள் அவருடைய துறை.

“சேர், பிரிஜ்ஜில எங்கட சாம்பிள் வைக்க இடமில்ல. உங்கட பிள்ளைகள் இன்னும் அதுக்குள்ளதான் குந்திக்கிட்டு இரிக்காங்க. வந்து கூட்டிக்கிட்டுப் போறீங்களா?”

“வேற ஆரும் கேட்கல்லையா?”

“இப்ப ஆரு சேர் மண்ணுக் கிருமிக்குக் காசு தாற?”

சோதனைக் குழாய்களைக் கல்முனையிலுள்ள என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி காலமான பின் எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் இடத்துக்குக் குறைவில்லை. பிள்ளைகள் கடல் கடந்த நாடுகளில் இருக்கின்றனர். அவர்கள் அழைக்கும்போதெல்லாம் நான் மறுப்பதற்கு இக்குழாய்களே காரணம். உரிய காலத்தில், கிருமிகளுக்கு உணவான புதிய வளர்ப்பூடகத்துக்கு மாற்றாவிட்டால் அவை உலர்ந்து இறந்துவிடும். ஆதலால் அடுப்பங்கரையின் சாளரங்களை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, ஊசியைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, ஒவ்வொன்றாக மாற்றுவேன்.

அவற்றுள் மிகப் பழையதொன்று உண்டு. மணமான புதிதில் சொறிக்கல்முனை வயலொன்றில் அது வாழ்ந்த செடியை நான் பிடுங்க, வெயிலுக்கு என் தலைமேல் குடை பிடித்து நின்றவள் மனைவி. மற்றவை அழிந்தாலும் அதனை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

சென்ற நோன்பு மாதத்தில் மாற்றும் காலம் ஏற்கெனவே கடந்திருந்தது. ஊடகத்தை உறையவைக்கும் ஏகார்த் தூளில் கையிருப்பில் எஞ்சியது முழுவதையும் இட்டுக் காய்ச்சி, ஆறவைத்துவிட்டுப் பிற்பகல் அஸர் தொழுகைக்குச் சென்றேன். மாலை சாய்ந்து திரும்பியபோது பானை கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. பக்கத்தில் கஞ்சிச் சட்டி. அடுத்த வளவில் வசிக்கும் என் தங்கை வந்துபோயிருக்கிறாள். விரைந்து சென்றேன். அவளுடைய மேசையில் இளஞ்சிவப்பாக உறைந்து, துண்டு துண்டாக வெட்டப்பட்டிருந்தது என் வளர்ப்பூடகம்.

“காக்கா, அதிசயமா கடப்பாசி காச்சிரிக்கீங்க! நிறமுமில்ல, ஒண்டுமில்ல. நான்தான் சீனியும் சர்பத்தும் ஊத்தினேன்.”

“ருசி பாக்கல்லையா?”

“நோன்போட எப்பிடிக் காக்கா ருசி பாக்க?”

கடப்பாசியும் ஏகாரும் ஒரே கடற்றாவரத்தின் சாறு, அவள்மேல் குற்றமில்லை. அதில் கலந்திருந்தவை ஈஸ்ட் சாறும் மனிற்றோல் என்ற இனிப்பும் சிறிது உப்பும் மாத்திரமே, தீங்கு எதுவுமில்லை. எனினும் அது எதற்காகக் காய்ச்சப்பட்டது என விளக்கினேன்.

“அல்லாஹ்வே! பூச்சிக்கு வெச்ச சாப்பாட்டையா பக்கத்து வீட்டுக்கெல்லாம் அனுப்பினேன்?” என்று தலையில் கைவைத்தவள், என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள். “மதினி குடை புடிச்சதெண்டு செல்லுவீங்களே, அதுவும் இதுக்குள்ளதான் வளர இரிந்திச்சா?”

“ஓம்.”

அவள் அலுமாரியைத் திறந்து, பெருநாளுக்கென்று வைத்திருந்த கடப்பாசிக் கட்டை எடுத்து என் கையில் வைத்தாள். “கெதியாப் போய்க் காச்சுங்க. பெருநாளைக்குக் கடப்பாசி இல்லாட்டியும் வட்டிலாப்பம் காணும்.”

நோன்பு திறந்த கையோடு காய்ச்சினேன். தீர்ந்துபோன மனிற்றோலுக்கு மாற்றாகச் சிறிது சீனியிட்டு, அன்றே எல்லாவற்றையும் மாற்றினேன். சில நாட்களில் ஏனைய குழாய்களில் வெண்மை படர்ந்தது. பழையது மட்டும் தெளிந்த கண்ணாடியாகவே இருந்தது. கௌபியின் பற்றீரியா இயல்பிலேயே மெதுவாக வளர்வது என்பதை ஆண்டுதோறும் வகுப்பில் சொன்னவன் நான். ஆயினும் விடியுமுன் சஹர் உணவுக்கு எழும்போதெல்லாம் அக்குழாயையே முதலில் எடுத்துப் பார்த்தேன்.

பெருநாளுக்கு முந்திய பகலில், ஊசி இழுத்த தடத்தின்மேல் மெல்லிய பால் நிறம் தெரிந்தது. கைபேசியை எடுத்தேன். தயிரை ஆராய்ந்தவர் மறைந்துவிட்டார். களப்பை ஆராய்ந்தவருக்கு இப்போது நினைவு தங்குவதில்லை. துறைத்தலைவருக்கு இது செய்தியாகாது. கைபேசியை வைத்துவிட்டு வேலியருகே சென்றேன்.

“என்ன காக்கா, இப்பவே பிறை கண்ட முகம்?”

“அது வளந்திட்டு.”

தங்கை அகப்பையோடு வேலிக்கு நெருங்கி வந்தாள். “மதினிக்குத்தான் இதச் செல்லியிருக்கணும்,” என்றாள்.

நான் வீட்டுக்குத் திரும்பி, அக்குழாயை மற்றவற்றிலிருந்து பிரித்து, குளிர்சாதனப் பெட்டியில் மனைவி ஊறுகாய்ப் போத்தல் வைத்துவந்த தட்டில் நிறுத்தினேன்.