அவரை இழுத்து வந்தவள்

என் கணவர் நகரத்தின் தென்பக்கம் ஒரு பாரில் சமையல்காரராக இருந்தார். பார்களும் ஓட்டல்களும் வரிசையாக உள்ள தெரு அது. போன வருடம் அந்தக் கட்டடம் தீப்பிடித்ததில், அவருடன் வேலை பார்த்த சிலர் புகையிலேயே மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். கிளாஸ் கழுவுகிற ஒரு பெண் இவர் கையைப் பிடித்து, பின்பக்கப் படி வழியாக இழுத்து வந்துவிட்டாள்.

அவள் கொருக்குப்பேட்டைக்காரி. தினமும் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் வேலைக்குப் போனார்கள் என்பது ஆஸ்பத்திரியில்தான் எனக்குத் தெரிந்தது. அவர் பிழைத்ததை நினைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்த நேரத்திலும் மனசு அந்த பஸ்ஸைப் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்தபின் அவர் பேச்சு குறைந்துவிட்டது. தீயைப் பற்றிக் கேட்டால், "அத்த வுடு" என்பார். அவள் போன் வந்தால் மட்டும் வாசலுக்குப் போய் நெடுநேரம் பேசுவார். ஒருமுறை பேசிக்கொண்டே அழுதார். என் முன்னால் அவர் அழுததே இல்லை.

நானே அவளைச் சாப்பிடக் கூப்பிட்டேன். ஒரு ஞாயிறு மதியம் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அழகாக இருப்பாள் என்று பயந்திருந்தேன். ஒல்லியாக, களைத்துப்போய் இருந்தாள். வலது கையில் கட்டு.

நான் சோறு போட்டதும் இவர் எழுந்துபோய் ஒரு ஸ்பூன் எடுத்துவந்து அவள் தட்டில் வைத்தார். தனக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் குடிக்காத மனுஷன். 

அவர் கை கழுவப் போனபோது கேட்டுவிட்டேன். "அன்னிக்கு நெருப்புக்குள்ள ரெண்டு பேரும் இன்னா பேசிகினீங்க?"

"இன்னாத்தக்கா பேசுறது? மூச்சே வுட முடில. இருட்டுல ஒரு கை தட்டுப்பட்டுச்சு, புட்ச்சேன். இவுரு ஸ்டோர் ரூம் பக்கமா இழுத்துகினு போறாரு. வுட்டேன் ஒரு அறை."

என்னை மீறிச் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு, "இன்னொரு கையும் தட்டுப்பட்டுச்சுக்கா. அத்த புடிக்க முடில" என்றாள்.

போனில் அவர்கள் எதைப் பேசுகிறார்கள் என்று எனக்கு அப்போது புரிந்தது. புரிந்தும் பொறாமை போகவில்லை.

இப்போது அவர் எர்ணாவூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமைக்கிறார். போன வாரம் அவள் போன் வந்தபோது குளித்துக்கொண்டிருந்தார். நான் எடுத்தேன்.

"அப்பறம் பண்றேன்க்கா."

"இன்னாத்துக்கு? என்னாண்ட பேசேன்."

கொஞ்சம் தயங்கிவிட்டுப் பேசினாள், மீன் விலையைப் பற்றி.