விற்பவர் பக்கம்

மற்றவர்கள் கையில் பணத்தை வைத்துக்கொண்டு தொழில் தொடங்குவார்கள். பட்டாசு வயிற்றெரிச்சலை வைத்துக்கொண்டு தொடங்கினாள். பட்டாசு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பதினோரு வருடம் வேலை பார்த்த கார் பட்டறையில் மெக்கானிக்குகள் வைத்தது. முன்மேசையில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு காரின் கோளாறையும் அட்டையில் எழுதுவது அவள் வேலை. எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அப்படிப்பட்டவளையே மூன்று பேர் சேர்ந்து மொட்டையடித்தார்கள் என்பதுதான் அவளால் தாங்க முடியாத விஷயம்.

அவள் புருஷன் வாடகைக் கார் ஓட்டியவன். முதுகெலும்பில் வட்டு விலகிப் படுத்த படுக்கையாகிவிட்டான். வெள்ளிக்கிழமை ஆபரேஷன், அதற்குள் காரை விற்றாக வேண்டும். டயர் கடை வைத்திருக்கும் அவள் அண்ணன்தான் ஆட்களைக் கூட்டிவந்தார். முதல் ஆள் போனில் நல்ல விலை சொல்லியிருந்தான். நேரில் வந்ததும் டயரை ஒரு உதை உதைத்துவிட்டு, "இன்ஜின்ல ஏதோ சத்தம் கேக்குதே" என்று விலையை இறக்கினான். இரண்டாமவன் அடியில் படுத்துப் பார்த்து உச்சுக்கொட்டி, இன்னும் இறக்கினான். மூன்றாமவன் மட்டும் நல்லவன். தண்ணீர் வாங்கிக் குடித்தான், நோயாளியை விசாரித்தான், "வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி பணம் உங்க கையில இருக்கும், கவலைப்படாதீங்க" என்று சொல்லி, இரண்டாமவனைவிடக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தான். அவனை அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பத்து நாள் கழித்து பஸ்ஸில் போகும்போது, பழைய கார் விற்கிற ஓர் இடத்தில் தன் காரைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் ஒரே பெஞ்சில் அந்த மூன்று பேரும் உட்கார்ந்து ஒரே பொட்டலத்திலிருந்து கடலை தின்றுகொண்டிருந்தார்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி ஓடிவந்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள்.

"நீங்கதானே மேடம் கையெழுத்துப் போட்டீங்க?" என்றான் அந்த நல்லவன், வாயில் கடலையோடு.

அடுத்த மாதமே பட்டறை வேலையை விட்டாள். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. நல்லா யோசிச்சுக்கோ" என்றார் அண்ணன். சொன்னாரே தவிர, டயர் கடைக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தைக் கார் நிறுத்திக்கொள்ளக் கொடுத்தார். வாடகைகூட வேண்டாம் என்றார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள் என்று அவள் உருகிப்போனாள். 'விற்பவர் பக்கம்' என்று எழுதிப் பலகை மாட்டினாள்.

விற்க வருகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்காகப் பேரம் பேசிக் கமிஷன் வாங்குவாள், அதுதான் தொழில். வாங்க வந்தவன் வாயைத் திறப்பதற்கு முன்னால், அவளே எழுதி வைத்த குறைப் பட்டியலைச் சத்தமாக வாசிப்பாள். பின்கதவு ரப்பர் கிழிசல், கிளட்ச் பாதித் தேய்மானம், வலது விளக்கில் ஈரம் என்று ஒன்று விடமாட்டாள். "இதுக்கு மேல ஒரு குறை தெரிஞ்சா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பட்டறையில காட்டிட்டு விலையைக் குறைக்கிறேன்" என்பாள். கையெழுத்து என்றதும் இல்லாத இன்ஜின் சத்தமெல்லாம் நின்றுவிடும்.

விற்கிறவர்களிடம் இன்னும் கறார். காருக்குப் புதுசாகப் பாலிஷ் போடக் கூடாது. எதையோ மறைக்கிறார்கள் என்று வாங்குகிறவன் நினைப்பான். பேரம் நடக்கும்போது மூச்சு விடக் கூடாது. எதற்காக அவசரம், எந்தத் தேதிக்குள் என்பதை அவளிடம் மட்டும்தான் சொல்ல வேண்டும். ஒரு நர்ஸ் தன் காரைப் பிரிய முடியாமல் வாங்க வந்தவன் முன்னாலேயே விசும்ப, "அழுகையெல்லாம் வீட்டுக்குப் போய் வச்சுக்கோங்க" என்று அதட்டினாள். நர்ஸ் எதிர்பார்த்த விலைக்கே அந்தக் கார் போனது.

அப்புறம் ஒரு தையல்காரர் வந்தார். அவர் கடை இருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். பத்தாம் தேதிக்குள் முன்பணம் கட்டாவிட்டால் பார்த்து வைத்த புதுக் கடை கைநழுவிப் போய்விடும். காரை விட்டால் விற்க வேறு எதுவும் அவரிடம் இல்லை.

"இந்தத் தேதி வேற யாருக்காவது தெரியுமா?"

"என் தையல் மெஷினுக்குக்கூடச் சொல்லலம்மா."

மறுநாள் ஒருவன் வந்தான், அடிமாட்டு விலைக்குக் கேட்டுவிட்டுப் போனான். அடுத்தவன் அதற்கும் கீழே கேட்டான். மூன்றாவதாகக் கையில் ஃபைலோடு ஓர் ஆள் வந்தான். பட்டியலைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தையல்காரர் பக்கம் திரும்பி, "கொஞ்சம் கூட்டியே தரேன். பத்தாம் தேதிக்கு முன்னாடி முழுசா உங்க கையில இருக்கும், ஐயா" என்றான்.

பட்டாசு எழுந்துவிட்டாள். "பத்தாம் தேதின்னு உனக்கு யாருய்யா சொன்னது?"

"சும்மா... பொதுவாத்தான் சொன்னேன் மேடம்." ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டினான்.

தையல்காரர் தேதியைச் சொன்னது இங்கே நின்றுதான். தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கடலை தின்ற அந்த நல்லவனிடமும் அவள் வெள்ளிக்கிழமை என்று சொன்னதே இல்லை. அது தெரிந்தது அவளுக்கு, புருஷனுக்கு, அண்ணனுக்கு மட்டும்தான்.

டயர் கடையில் பஞ்சருக்குக் காத்திருந்தவர்களை அவள் லட்சியம் செய்யவில்லை. "எவ்வளவு வாங்கினே?" என்றாள்.

அண்ணன் முதலில் மழுப்பினார். பிறகு, "பணமா? யாரு பணம் வாங்கினது?" என்று குரலை உயர்த்தினார். "அந்தப் பழைய கார்க்காரங்க விக்கிற அத்தனை காருக்கும் டயர் என் கடையிலதான் எடுக்கிறாங்க. ஒரு வார்த்தை சொன்னதுல உனக்கு என்ன குறைஞ்சுபோச்சு? வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நடந்துச்சா இல்லையா?"

"அப்போ இந்த இடம்? இதை எனக்காகக் குடுக்கலையே நீ. இங்க நின்னு பேசுறவங்க கஷ்டத்தை ஒட்டுக்கேட்டு விக்கத்தானே குடுத்தே? உன்னை அண்ணன்னு கூப்பிட்ட வாயைக் கழுவணும்."

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி..."

"மட்டுதான்! புத்தி இருந்திருந்தா அன்னைக்கே உன்னைக் கேட்டிருப்பேனே!"

இருட்டுவதற்குள் இடத்தைக் காலி பண்ணச் சொன்னார். அவள் அவ்வளவு நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பலகையைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு, தையல்காரரின் காரை ஓட்டிவந்து வீட்டு வாசலில் நிறுத்தினாள்.

புருஷன் இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறான். அவள் கொட்டித் தீர்த்ததையெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். பிறகு, "எனக்கு அப்பவே தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"மச்சான் இங்கதான் நின்னு போன்ல சொன்னாரு. வெள்ளிக்கிழமை ஆபரேஷன், எவ்வளவு இறக்கினாலும் குடுத்துருவாங்கன்னு. படுத்துட்டே கேட்டேன்."

"கேட்டுட்டு வாயை மூடிட்டுப் படுத்திருந்தீங்களா?"

"சொன்னா நீ காரைக் குடுத்திருக்க மாட்டே. ஆபரேஷன் தள்ளிப் போயிருக்கும். என்னால வலி தாங்க முடியலைம்மா."

தெருவே கேட்கிற மாதிரி அவனைத் திட்டினாள். அந்த வலியை அவள் கூடவே இருந்து பார்த்தவள். அவன் சொன்னதில் பொய் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால் கோபம் இரண்டு மடங்காயிற்று. அண்ணனையாவது வேண்டாம் என்று தலைமுழுகிவிடலாம். இவனை என்ன செய்வது?

தையல்காரரின் கார் எட்டாம் தேதி, வாசலில் நின்றபடியே, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு பெண்ணுக்கு நல்ல விலைக்குப் போனது. பட்டியலை வாசிக்கக் கேட்டு, "இவ்வளவு உண்மை சொல்றவங்க விலையை ஏத்தியா சொல்லப் போறீங்க?" என்று அந்தப் பெண் பேரமே பேசவில்லை.

மறுவாரம் ஒரு பெரியவர் மகளோடு வந்து, வீட்டு வாசலில் மாட்டியிருந்த பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். புருஷன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து, "வாங்க, உள்ள உக்காந்து பேசலாம்" என்று கதவைத் திறந்து பிடித்தான்.

"உள்ள வேண்டாம்" என்றாள் பட்டாசு. அவர்கள் கொண்டுவந்த காரின் கதவைத் திறந்து, அப்பாவையும் மகளையும் பின்னால் ஏறச் சொல்லி, தானும் முன்சீட்டில் உட்கார்ந்தாள். நாலு கண்ணாடியையும் கடைசி வரைக்கும் ஏற்றினாள்.

"இப்ப சொல்லுங்க. எந்தத் தேதிக்குள்ள விக்கணும்?"