ஆறாவது குதிரைக்கும் மார்க் போட்டேன்

இருபது வருடமாகக் குதிரையேற்றப் போட்டிகளுக்கு நடுவராக இருக்கிறேன். இனிமேல் புதிதாக ஒரு தேர்வு எழுதி சர்டிபிகேட் வாங்கினால்தான் அந்த நாற்காலியாம்.

இன்று காலை ஆனேக்கல் பக்கம் ஒரு மைதானத்தில் செய்முறைத் தேர்வு. நல்ல பனிமூட்டம். ஒரு மூலையில் நான், எதிர் மூலையில் என்னைப் போலவே பழைய நடுவரான செல்வராஜ் சார். வருகிற குதிரைகளுக்கு மார்க் போட வேண்டும்.

முடிந்ததும், தேர்வு நடத்த வந்த கிரண் என் தாளைப் பார்த்தார்.

"மேடம், அஞ்சு குதிரைதானே வந்துச்சு? ஆறுக்குப் போட்டிருக்கீங்க."

"கடைசியா ஒரு வெள்ளைக் குதிரை வந்துச்சே. மேல இருந்த பொண்ணு ஹெல்மெட் போடல. அதான் வெளியேத்திட்டேன்."

"இங்க வெள்ளைக் குதிரையே இல்ல மேடம்."

கண் சரியில்லை என்று எழுதிவிட்டால் இத்தனை வருட வேலை போய்விடுமே.

அதற்குள் செல்வராஜ் சார் வந்து தன் தாளை நீட்டினார். அதிலும் ஆறு குதிரை. கடைசி வரி: "ஹெல்மெட் இல்லை. வெளியேற்றம்."

கிரண் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காலி மைதானத்தைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் பாஸ்" என்று அவசரமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியேறிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நிஜப் போட்டி, அதே மைதானத்தில். துணைக்கு யார் வருகிறீர்கள்?