பீஜிக்காரர் வீட்டில் ஓர் இறுதி ஆட்டம்

ரமணாசிரமத்தைத் தாண்டி, செங்கம் சாலையில் நாலு அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்த ராமனை ஊரில் யாரும் ராமன் என்று அழைத்ததில்லை. பீஜிக்காரர்தான். ஆனால் அவர் வீட்டுக்குள் மட்டும் பீஜி என்ற பெயரை எடுக்கக் கூடாது. அது மனைவி கன்னியம்மாள் போட்ட சட்டம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வீட்டு வாயையாவது மூடுவோம் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. ராமனின் தாத்தா இந்த ஜில்லாவிலிருந்து பீஜித் தீவுக்குக் கரும்புத் தோட்டக் கூலியாகக் கப்பலேறியவர். பேரன் அங்கே சூவா நகரத்தில் துணிக்கடை வைக்கும் அளவுக்கு வந்தார். எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது இந்தியர்களுக்கு எதிராகக் கிளம்பிய ஒரு கும்பல் கடையைச் சூறையாடியது. கும்பலில் கன்னியம்மாள் கையால் சாப்பிட்ட பக்கத்துத் தெருப் பையன்களும் இருந்தார்கள். எண்பத்தொன்பதில் இருவரும் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார்கள்.

ரக்பி அந்த மண்ணின் பூர்வகுடிகளுடைய ஆட்டம். இந்தியர்கள் பெரும்பாலும் கால்பந்து பக்கம். ராமனுக்கோ ரக்பி என்றால் பைத்தியம். அதிலும் பக்கத்துக்கு ஏழு பேர் மட்டும் ஆடும் செவன்ஸ். தொண்ணூற்றெட்டில் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் முதல் தடவையாக அதைச் சேர்த்தார்கள். பீஜி இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டது, எதிரே நியூசிலாந்து. கேபிள்கார முருகையன் எந்தச் சேனல் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவளுக்குத் தெரியாமல் டிவி பார்ப்பது பெரிதில்லை. ஆனால் பிறந்த ஊரைத் திருட்டுத்தனமாக நினைத்து நினைத்து ராமனுக்கு அலுத்துவிட்டது. மனைவியிடம் கேட்டே விட்டார்.

"கடைய ஒடச்சவங்க ஆடறத என் வீட்ல பாக்கணுமா?" என்றாள் அவள்.

"ஒடச்சது இந்தப் பசங்க இல்ல கன்னி. நான் பொறந்த ஊரு அது. இல்லன்னு எப்படிச் சொல்றது?"

அவள் சமையலறைக்குப் போய், இந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கத் தொடங்கினாள். ராமன் சத்தத்தைக் கம்மியாக வைத்துப் பார்த்தார். கண் ஆட்டத்தில், காது சமையலறையில்.

நியூசிலாந்து முந்தியிருந்தது. பீஜிப் பையன் ஒருவன் பந்தை அணைத்துக்கொண்டு ஓரமாகப் பறந்தான். எல்லைக் கோட்டைத் தொட ஓர் எட்டு இருக்கும்போது அமுக்கிவிட்டார்கள்.

"அய்யய்யோ, பக்கத்துல ஒருத்தன் சும்மா நிக்கறானே, அவன்கிட்ட குடுக்கறதுக்கு என்ன?"

ராமன் திரும்பினார். அரிவாள்மணை கிடந்த இடத்தில் கிடந்தது. கன்னியம்மாள் கதவோரம் நின்றாள். எப்போது வந்தாளோ. அவர் சற்று நகர்ந்து இடம் விட்டார். அவளும் உட்கார்ந்தாள்.

இருபத்தொன்றுக்குப் பன்னிரண்டு. பீஜி தோற்றுவிட்டது. ராமனுக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் பார்ப்பதற்குள் டிவியை அணைத்துவிடலாம் என்று எழுந்தார். கன்னியம்மாள் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இருங்க. பசங்க மெடல் வாங்கட்டும். நாமளும் எழுந்து போயிட்டா, இந்த ஊர்ல அவங்களுக்கு வேற யாரு இருக்கா?"