ஐந்து பேருக்கு ஒரு கார்

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் நானே கார் ஓட்டி ஏறுகிறேன் என்பதில் எனக்கு இருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. எனக்குக் காளப்பநாயக்கன்பட்டியில் வீடு, மேலே வாழவந்தி நாட்டில் பள்ளிக்கூட வேலை.

அதற்கு முன் பல வருடங்கள் நாங்கள் ஐந்து ஆசிரியர்களும் காலை ஆறரை மணி பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தோம். அது எட்டு மணிக்கே மேலே இறக்கிவிட்டுவிடும். பள்ளி தொடங்கும்வரை குளிரில் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நான் பழைய கார் ஒன்றை வாங்கியதும், இனி எல்லோரும் இதிலேயே போகலாம் என்றேன். ஒன்பதாம் வகுப்பில் போக்குவரத்தைப் பற்றிப் பாடம் நடத்தியபோது எங்கள் காரைத்தான் உதாரணம் காட்டினேன். ஆளுக்கொரு வண்டியில் போகாமல் ஐந்து பேர் ஒரே வண்டியில் போனால் நெரிசலும் குறையும், புகையும் குறையும் என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். எங்களில் யாரும் அதற்கு முன் காரில் வந்ததே இல்லை, நாங்கள் விட்டது பஸ்ஸை அல்லவா என்று ஒருத்தராவது கேட்டிருக்கலாம். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது காலையில் இன்னும் ஒரு மணி நேரத் தூக்கம். மற்றதெல்லாம் சப்பைக்கட்டு.

எங்களை இறக்கிவிட்ட கையோடு அந்த பஸ் மலையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கும். எங்கள் பள்ளியில் பிளஸ் டூ முடித்த ஒரு பெண் அதில்தான் காலேஜுக்குப் போனாள். அவள் அப்பா மரவள்ளி போடும் விவசாயி. மகளை ஹாஸ்டலில் விட மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றவர். நான்தான் அவர் வீட்டுக்கே போய், "எட்டு மணிக்கு பஸ் இருக்குதுங்க. சாயங்காலம் ஊடு வந்து சேர்ந்துருவா. நான் பொறுப்பு" என்று சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

நாங்கள் காருக்கு மாறிய சில மாதங்களில் அந்த பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மேலே ஏறும்போது அதற்கு நிலையான கூட்டமே நாங்கள்தான். ஏறாத பஸ் எப்படி இறங்கும்? மிச்சமிருந்தது விடிவதற்கு முன்பே கிளம்பும் பஸ். அதைப் பிடிக்க மிளகுத் தோட்டங்கள் வழியே இருட்டில் நடக்க வேண்டும். அவள் அப்பா அனுப்பவில்லை.

பஸ்ஸைத் திரும்பக் கேட்டு மனு எழுதித் தரச் சொல்லி அவர் என்னிடம்தான் வந்தார். எழுதினேன். நாங்கள் ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம். அன்று சாயங்காலம் காரில் இறங்கும்போது, பஸ் வந்தால் நாமும் அதிலேயே போகலாமா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"மறுபடியும் அஞ்சு மணிக்கு எந்திரிக்கணுமா?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

டெப்போவுக்கு அந்தப் பெண்ணின் அப்பாவை என் காரிலேயே அழைத்துப் போனேன். மேனேஜர் மனுவைப் பொறுமையாகப் படித்தார்.

"கையெழுத்துப் போட்ட டீச்சருங்க அஞ்சு பேரும் இப்ப எதுலீங்க போறீங்க?"

பக்கத்தில் நின்ற அவர்தான் எனக்காகப் பரிந்துகொண்டு வந்தார்.

"அவங்களுக்கு எதுக்குங்க பஸ்ஸு? அஞ்சு பேரும் கார்ல வாராங்க. டீச்சர் எங்க புள்ளைக்காகத்தானுங்க இவ்வளவு தூரம் வந்திருக்காங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். மனுவை மடித்து வைத்தார். ஆள் ஏறினால் பஸ் விடுவதில் தனக்கொன்றும் கஷ்டமில்லை என்றார். அதில் தப்புச் சொல்ல என்ன இருக்கிறது? திரும்பி வரும் வழியெல்லாம் அவர் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தார். வண்டியை ஓரமாக நிறுத்தி, உங்கள் பெண்ணின் பஸ்ஸைக் கெடுத்ததே நான்தான் என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். கியரை மாற்றி மாற்றி வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, பள்ளி விடுமுறை, அவர் போன் செய்தார். காலேஜில் மகளின் டி.சி.யை வாங்க வேண்டும், துணைக்கு வர முடியுமா என்று கேட்டார். அவள் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தாள். என் கார் அவளைக் காலேஜுக்குக் கூட்டிப்போனது அந்த ஒரு நாள்தான்.