பரீட்சைக்குப் போன கோல்கீப்பர்

அஸம்ப்டா டூமியைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டது நான்தான். கல்விச் சேவை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்களுக்குக் கோல்கீப்பர் இல்லை, அவ்வளவுதான்.

நான் அயர்லாந்தின் கார்க் நகரில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பது வீட்டுக்குச் சொல்கிற கணக்கு. உண்மையில் கமோகி ஆடிக்கொண்டிருந்தேன். மட்டையால் தோல்பந்தை விளாசுகிற அந்த ஆட்டத்தில் பெண்கள் அணிக்கு நான் கேப்டன். பல்கலைக்கழகங்களுக்கான கோப்பை எங்கள் கையைவிட்டுப் போய்ப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. அந்த அக்டோபரில் எங்கள் கோல்கீப்பர் படிப்பை உதறிவிட்டு லண்டனுக்குக் கப்பல் ஏறிவிட்டாள்.

அப்போதுதான் எங்கள் அணியில் ஆடுகிற கோப்னிட் ஒரு சேதி சொன்னாள். பிரதான கட்டடத்தில் தரை துடைக்கிற அஸம்ப்டா அவளுடைய ஊர்க்காரி. கல்யாணத்துக்கு முன்னால் அந்த வட்டாரத்திலேயே அவளைத் தாண்டிப் பந்து போனதில்லையாம். இப்போது முப்பத்தெட்டு வயது, மூன்று பிள்ளைகள். இருந்தால் என்ன? விதியில் வயது இல்லை. ஏதாவது ஒரு படிப்பில் பெயர் இருக்க வேண்டும், அது போதும்.

பழங்காலக் கற்களைக் காட்சிக்கு நிறுத்தியிருக்கிற நீண்ட தாழ்வாரத்தில் அவளை மடக்கினோம்.

"அக்கா, நீங்க ஒரு படிப்புல சேரணும்."

"எதுக்குடி? தரையைப் படிச்சுட்டுத் துடைக்கணுமா?"

"பேரு மட்டும் குடுங்க. வேலை செய்யறவங்களை இலவசமாவே சேத்துக்கறாங்க. வகுப்புப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க வேணாம். எங்களுக்கு கோல்ல நின்னாப் போதும்."

மாப்பைச் சுவரில் சாய்த்தாள். "கோல்ல நிக்கவா? அதை முதல்ல சொல்றதுக்கென்ன!"

செவ்வாய்க்கிழமை மாலை நடக்கிற தொல்லியல் பட்டயப் படிப்பில் சேர்த்தோம். காரணம், மற்ற எல்லாவற்றிலும் இடம் நிரம்பியிருந்தது. பெயரைக் கொடுத்தாயிற்று, முகத்தையாவது காட்டிவிட்டு வரலாம் என்று முதல் வகுப்புக்குப் போனாள். அதோடு கெட்டது கதை.

மறுநாள் பயிற்சிக்கு மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அடியே எத்னா! அந்தக் கல்லுங்க ஓரத்துல கோடு கோடா இருக்கே, அதெல்லாம் எழுத்துடி! நான் பதினோரு வருஷமா ஈரத்துணி போட்டுத் துடைக்கறேன், எவனோ கத்தி தீட்டியிருக்கான்னு நெனச்சேன். அது பேருடி, மனுஷன் பேரு! கீழேர்ந்து மேலே படிக்கணுமாம்!"

"சரிக்கா, பந்தைப் பிடிங்க."

பிடித்தாள். அதில் குறையே வைக்கவில்லை. அவள் மட்டையை நீட்டினால் பந்து தானாக வந்து ஒட்டிக்கொள்வது போல இருக்கும். ஆனால் வாய் மட்டும் ஓயாது. ஜன்னலோரக் கல்லில் இன்னாரின் மகன் இன்னார், மூலையில் நிற்கிற கல்லில் பாதிப் பெயர் உடைந்துபோயிருக்கிறது என்று கோல் கம்பத்தடியிலிருந்து கத்துவாள். எதிரணிப் பெண்கள் அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள். அரையிறுதியில் அவள் ஒரு கோல்கூட விடவில்லை. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் ஆறு பொங்கி மைதானம் முழங்கால் தண்ணீரில் நின்றது. ஆட்டம் அடுத்த சனிக்கிழமை இரண்டு மணிக்குத் தள்ளிப்போனது. அன்றைக்கு ஒரு மணிக்கு அஸம்ப்டாவுக்குப் பரீட்சை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, முன்பின் பார்க்காத ஒரு கல்லைக் காட்டி வாசிக்கச் சொல்வார்கள். ஆங்கில அகரவரிசையில் T-யில் தொடங்குகிற டூமி என்கிற பெயர் கடைசி.

"முதல்ல விடச் சொல்லிக் கேளுங்கக்கா!"

"கேக்க மாட்டேன். சலுகையில வந்தவன்னு ஒருத்தர் வாயில வரக் கூடாது."

"அப்ப பரீட்சையை விடுங்க. நாங்கதானே உங்களைச் சேத்துவிட்டோம்!"

"ஆமா, சேத்துவிட்டீங்க. அதனாலதான் போறேன்."

எனக்கு வந்த கோபத்தில் மட்டையைத் தரையில் அடித்து இரண்டாக்கினேன். மூன்று நாள் அவளோடு பேசவில்லை. தாழ்வாரத்தில் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சனிக்கிழமை கோப்னிட்டை கோலில் நிறுத்தினோம். பாவம், அவள் முன்வரிசையில் ஆடுகிறவள். டப்ளின் அணி இரண்டு கோல் அடித்தது. கோல் ஒன்றுக்கு மூன்று பாயின்ட், கம்பத்துக்கு மேலே போனால் ஒன்று. இடைவேளையில் ஆறு பாயின்ட் பின்னால் இருந்தோம். பல்கலைக்கழகத்திலிருந்து மைதானத்துக்கு வருகிற ஆற்றுப் பாலத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். பாலத்தின் மேல் ஒரு பழுப்புக் கோட்டு ஓடி வந்தது. ஓடிக்கொண்டே கோட்டைக் கழற்றினாள். உள்ளே எங்கள் சிவப்புச் சட்டை! பரீட்சைக்கே அதைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். என்னையறியாமல் கத்தினேன், கூட்டமும் கத்தியது.

கோப்னிட்டை முன்வரிசைக்கு அனுப்பி இவளை உள்ளே கூப்பிட்டேன். உடனே டப்ளின் அணிப் பயிற்சியாளர் எல்லைக்கோட்டருகே வந்து மறித்தார்.

"சார், இவங்க மாணவியே இல்ல. அங்கே தரை துடைக்கிறவங்க. விசாரிச்சுட்டுதான் சொல்றேன். ஆட்டத்துக்காகப் பேரைச் சேத்திருக்காங்க!"

நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "கேப்டன், இது நிஜமா?"

நிஜம்தான். அப்படித்தான் சேர்த்தோம். ஆட்டத்துக்காக மட்டும் போட்ட போலிப் பதிவு என்று நிரூபணமானால் ஆட்டமே போய்விடும். அஸம்ப்டாவுக்கு முகம் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. துடைக்கிறவள் என்றதற்கு இல்லை, மாணவி இல்லை என்றதற்கு.

அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு உள்ளே ஏதோ வெடித்தது.

"சார், இவங்க எங்களை நட்டாத்துல விட்டுட்டுப் பரீட்சை எழுதப் போனவங்க! இறுதி ஆட்டத்தைவிடப் பரீட்சை பெரிசுன்னு போனவங்க! மூணு நாளா நான் இவங்களோட பேசலை, தெரியுமா? இந்த மைதானத்துல ரெண்டு அணியிலயும் தேடுங்க, நிஜமாப் படிக்கிறவங்க இவங்க ஒருத்தர்தான் இருப்பாங்க!"

"நூத்துக்கு நூறு!" என்றாள் எங்கள் கோப்னிட். டப்ளின் அணியிலேயே ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

நடுவர் அஸம்ப்டாவின் பக்கம் திரும்பினார். "பரீட்சை எப்படிம்மா?"

"முழுப் பேரையும் படிச்சுட்டேன் சார்!" குரல் உடைந்தது. "ஒரு கோடு விடலை!"

"அப்ப உள்ளே போங்க."

அதற்குப் பிறகு டப்ளின்காரர்கள் ஒன்பது தடவை அடித்தார்கள். ஒன்றும் உள்ளே போகவில்லை. கோப்னிட் ஒரு கோல் அடித்தாள், நாங்கள் ஒவ்வொரு பாயின்ட்டாக ஏறினோம். கடைசி நிமிடத்தில் சமன். அவர்கள் நேராக அடித்த பந்தை அஸம்ப்டா வெறுங்கையில் பிடித்து என் பக்கம் விளாசினாள். நான் அதைத் தூக்கிக் கம்பத்துக்கு மேலே அனுப்பினேன். விசில்!

கோப்பையை வாங்க என்னைக் கூப்பிட்டார்கள். அவளைப் பிடித்து முன்னால் தள்ளினேன். வாங்க மாட்டேன் என்று திமிறினாள். மேடையிலிருந்தவர் ஒலிபெருக்கியில், "இவங்க யாரு?" என்று என்னைக் கேட்டார்.

"அஸம்ப்டா டூமி, தொல்லியல், முதலாம் ஆண்டு" என்றேன்.